மேற்குச் சரிவில் இருப்பது

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

மூன்று முறை போன் செய்தேன். இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை நீயே எடுத்து, என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். மேலே சிக்னல் இல்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். சிக்னல் இல்லாத போன் எப்படி அடிக்கும் என்று அவள் என்னைக் கேட்கிறாள். அதனால்தான் கடிதம். இதைக் கிழித்துப் போடுவதற்குள் உன் கண் நாலு வரியாவது ஓடிவிடும்.

அன்றைக்கு வீட்டில் நீ தட்டை நகர்த்திவைத்துவிட்டு எழுந்து போனதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். மேல்மலைக்குச் சாலை போட எங்கள் நெடுஞ்சாலைத் துறை திட்டம் போட்டிருக்கிறது. வரைந்தவன் நான். சாலை மேற்குச் சரிவு வழியாக ஏறுகிறது. அந்தச் சரிவில் பழைய புதைவிடம் எதுவும் இல்லை என்று உங்கள் தொல்லியல் துறை ஒரு சான்று கொடுக்க வேண்டும். அது வராததால் கோப்பு என் மேஜையில் படுத்துக் கிடக்கிறது. சான்று கொடுக்க வேண்டிய அதிகாரி யார் என்று தலைமைப் பொறியாளர் கேட்டார். என் அக்கா என்றேன். "அப்ப வேலை சுலபம்" என்று சிரித்தார். உன்னை அவருக்குத் தெரியாது.

மேல்மலைக்காரர்களுக்குச் சாலை வேண்டும். நான் சொல்லவில்லை, அவர்களே மனு கொடுத்திருக்கிறார்கள். போன மழையில், ஜீப் ஓட முடியாத சேற்றில், பிரசவ வலி வந்த பெண்ணைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கியது உனக்குத் தெரியும். நீயும் கூட நடந்தாய் என்று அம்மா சொன்னாள். பிறகு ஏன் இழுத்தடிக்கிறாய்?

ஒரு வரி எழுது. இருக்கிறது, அல்லது இல்லை. நீ ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான். நிம்மதியாகப் போகலாமே.

அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அவள் நம் இருவர் பக்கமும் சேரவில்லையாம். "ஒருத்தி தோண்டுறா, ஒருத்தன் மூடுறான், நடுவுல நான் எங்க போய் நிக்கறது" என்கிறாள்.

தம்பி

பிப்ரவரி 11

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன். இரண்டு தடவையும் கோபம் வந்தது.

ஒரு வரி என்கிறாய். அந்த வரியை நான் எப்படி எழுதுவது? எங்கள் சட்டப்படி ஓர் இடத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அங்கே குழி வெட்டிப் பார்க்க வேண்டும், அளக்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். மேல்மலைக்காரர்கள் "அந்தச் சரிவுல மட்டும் வேணாம்" என்கிறார்கள். ஏன் என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை. தோண்டவும் கூடாதாம். நான் எதை வைத்து இருக்கிறது என்பேன்? எதை வைத்து இல்லை என்பேன்?

நான் முதன்முதலில் இந்த மலைக்கு வந்தபோது நீ கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாய். இவர்கள் பாஷையில் முதலில் கற்றுக்கொண்ட வாக்கியம் "கொஞ்சம் உட்காரலாமா" என்பது. உட்கார்ந்தேன். முப்பது வருஷமாக உட்கார்ந்தேன். மற்ற அதிகாரிகள் ஜீப்பில் வந்து, எலும்பை மூட்டை கட்டிக்கொண்டு போன காலத்தில், கேட்காமல் ஒரு கல்லைப் புரட்டமாட்டேன் என்று நின்றவள் நான். அதற்காகத் துறையில் எனக்குக் கிடைத்த பெயர் 'மலைக்கு மருமகள்'.

அவர்களாகவே நம்பிக் காட்டிய இடம்தான் வடக்குக் குகை. அதைப் பதிவு செய்தால் யாரும் தொடமாட்டார்கள் என்று சொன்னேன், பதிவு செய்தோம். மறு வருஷம் துறை அதைச் சுற்றி வேலி போட்டது. பிறகு சீட்டுக் கொடுக்கும் அறை, காவலாளி, 'தொடாதே' பலகை. இன்றைக்கு அவர்கள் தங்கள் குகைக்குப் போக ஆபீசில் கடிதம் வாங்க வேண்டும். வேலியை எடுக்கச் சொல்லி நான் எழுதாத இயக்குநர் இல்லை. இயக்குநர்கள் மாறினார்கள், வேலி மாறவில்லை.

அவர்களும் நானும் சேர்ந்து கட்டினோமே, 'மலை மக்கள் காட்சியகம்'? இப்போது அதில் ஜீப் டயர் அடுக்கியிருக்கிறார்கள். அடுக்கியவள் அவர்கள் சபையின் தலைவி. இந்த மலையில் ஜீப் ஓட்டுகிற ஒரே பெண் என்பதால் எல்லாருக்கும் அவள் ஜீப்புக்காரிதான். அவள் சின்னப் பெண்ணாக இருந்த நாளிலிருந்து எனக்குப் பழக்கம்.

"காட்சியகத்துல டயரை வச்சிருக்கியே" என்றேன்.

"பானையப் பாக்க யாரும் வரல அக்கா. டயர் இல்லன்னா ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. எது முக்கியம், நீங்களே சொல்லுங்க."

என் அறிக்கையை வாசித்துக்காட்டினால் அதிலும் குற்றம். "பழங்குடி பழங்குடின்னு எழுதறீங்களே, நாங்க என்ன பழசா? உங்களுக்கு முன்னாடி வந்தோம், அவ்வளவுதான்."

சிரிப்பாக இருக்கிறதா? எனக்கு இல்லை. இரண்டு பக்கமும் இடி வாங்குவதே என் வேலையாகிவிட்டது. இப்போது மூன்றாவது பக்கமாக நீயும் வந்திருக்கிறாய்.

அம்மாவுக்குத் தைலம் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வாங்கிக்கொள்.

அக்கா

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

தைலம் வந்தது. மூடி திறந்து பாதி பையில் கொட்டியிருந்தது. மீதியைத் தேய்த்துவிட்டேன்.

நேராகவே கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் சரி. முப்பது வருஷம் அவர்களுக்காக என்கிறாயே, அவர்கள் கைக்கு என்ன வந்தது? ஒரு வேலியும் ஒரு டயர் கிடங்கும். நான் கொடுப்பது சாலை. ஆம்புலன்ஸ் வாசலுக்கு வரும்.

வேறு வழி இருக்கிறதா என்று கேட்பாய். கிழக்கே பாறை, வடக்கே உன் குகை. மேற்குச் சரிவுதான் மிச்சம். நீ 'இருக்கிறது' என்று எழுதினால் திட்டமே ரத்தாகி வேறு ஊருக்குப் போய்விடும். 'தொல்லியல் துறை தடுத்துவிட்டது' என்று கோப்பில் எழுதி மூடுவார்கள். அடுத்த மழையில் கட்டிலைத் தூக்கும்போது அவர்கள் திட்டப்போவது உன்னை, என்னை அல்ல.

நீ மென்று விழுங்க மாட்டாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

தம்பி

மார்ச் 2

தம்பிக்கு,

உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். மேற்குச் சரிவில் தோண்டுவதற்கு அனுமதி கேட்டு இயக்குநருக்கு மனு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஆம், அவர்கள் வேண்டாம் என்ற பிறகும். நீ எழுதிய அந்தக் கட்டில் வாக்கியம் அப்படிக் குத்தியது. இயக்குநர் அன்றே கூப்பிட்டார். "கடைசியில ஒரு பெரிய இடம். உங்க பேர்ல புத்தகமே போட்றலாம் மேடம்." சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். என் பெயரில் இதுவரை ஒரு புத்தகமும் இல்லை.

பிறகு சபையைக் கூட்டி விஷயத்தைச் சொன்னேன். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கத்தவில்லை. ஜீப்புக்காரி மட்டும் எழுந்தாள்.

"கேக்காம கல்லப் புரட்ட மாட்டேன்னு சொன்னது நீங்கதானே?"

"இப்பவும் கேக்கத்தானே வந்திருக்கேன்."

"மனு அனுப்பிட்டு வந்து கேக்கறீங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. "அப்ப ரோடு வேணாமா உங்களுக்கு?" என்று குரலை உயர்த்தினேன்.

"வேணும். தோட்டத்து வழியா வரட்டும்."

எந்தத் தோட்டம் என்றேன். என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டுபோய்த் தெற்கு அடிவாரத்தில் நிறுத்தினாள். அங்கே மரத்தோட்டக் கம்பெனியின் எல்லை ஓரமாக ஒரு பழைய வண்டிப் பாதை, அகலமாக, மெதுவாக ஏறுகிறது. அதன் ஓரத்தில் சிவப்புச் சாயம் அடித்த அளவுக் கற்கள். போன வருஷம் உங்கள் ஆட்கள் வந்து நட்டதாம். பிறகு கம்பெனி மானேஜர் உங்கள் தலைமைப் பொறியாளரைப் பார்த்துவிட்டு வந்தாராம். அதன் பிறகு கற்களைத் தேடி யாரும் வரவில்லையாம்.

கிழக்கே பாறை, வடக்கே குகை என்று எழுதினாயே, தெற்கு என்று ஒரு திசை இருப்பது உனக்கு மறந்துபோயிற்றா? கம்பெனியிடம் கொஞ்சம் நிலத்தைக் கொடு என்று கேட்க உங்களுக்கு வாய் வரவில்லை. அதனால் என்னிடம் எலும்பைக் கொடு என்று கேட்கிறீர்கள். நான் 'இல்லை' என்றால் இவர்கள் இடம் போகும். 'இருக்கிறது' என்றால் பழி என் தலையில். இரண்டிலும் தோட்டத்துக்குச் சேதாரம் இல்லை. நல்ல கணக்கு. இது உன் மூளையில் உதித்ததா, மேலே இருப்பவருடையதா?

இனிமேல் எழுதாதே. முடிந்தால் நேரில் வந்து இந்தச் சரிவை ஒரு தடவை காலால் நடந்து பார். வரைபடத்தில் விரல் வைத்து மலை ஏறுகிற ஆளிடம் எனக்குப் பேச்சில்லை.

அக்கா

மார்ச் 13

அக்காவுக்கு,

கற்கள் நாங்கள் நட்டவைதான். முதல் கோடு தெற்கே போனது. மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். நீ எழுதாத இயக்குநர் இல்லை என்கிறாய். எழுதி என்ன ஆயிற்று, வேலி அப்படியேதானே நிற்கிறது? நான் எழுதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். மேலதிகாரியை முறைத்துக்கொண்டு மலைமேல் போய் உட்கார எல்லாராலும் முடியாது.

அடுத்த வாரம் மேலே வருகிறேன். உன்னைப் பார்க்க அல்ல, சரிவைப் பார்க்க.

தம்பி

மார்ச் 24

தம்பிக்கு,

வந்தாய், போனாய். என் முகாம் வீட்டு வாசலைத் தாண்டித்தான் உன் ஜீப் போயிற்று. உனக்கும் சேர்த்துச் சமைத்து வைத்துவிட்டு ஜன்னலில் நின்றிருந்தேன். ஒரு கையாவது காட்டியிருக்கலாம்.

அது கிடக்கட்டும். நீ வருவதற்கு முதல் நாள் ஜீப்புக்காரியிடம் சொல்லிவைத்தேன்: "என் தம்பி வர்றான், கொஞ்சம் முசுடு, பாத்து நடந்துக்கோ." அவள் உன்னைச் சரிவுக்கு அழைத்துப் போனாள். வெயில் உச்சிக்கு வரும்வரை இரண்டு பேரும் கீழே இறங்கவில்லை. நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மரங்களுக்கு நடுவில் உன் வெள்ளைத் தொப்பி கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு அதைக் கழற்றிவிட்டாய். நீ வெயிலில் தொப்பியைக் கழற்றுகிற ஆள் இல்லை.

சாயங்காலம் அவளைப் பிடித்துக் கேட்டேன். "என்னடி காட்டினே?"

"உங்க தம்பியையே கேளுங்க" என்று சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினாள்.

கேட்கிறேன். என்ன காட்டினாள்? முப்பது வருஷம் கேட்டேன் தம்பி. அவர்கள் வீட்டில் சாவுக்கு உட்கார்ந்து, காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து, அவர்கள் பாஷைக்கு நோட்டில் அகராதி எழுதி. எனக்குச் சொல்லாததை, ஒரு வேளை வந்துபோன உனக்குச் சொன்னாளா?

உடனே எழுது.

அக்கா

ஏப்ரல் 3

அக்காவுக்கு,

ஜன்னலில் நீ நிற்பதைப் பார்த்தேன். இறங்கினால் உன்னிடம் சொல்லிவிடுவேன் என்ற பயத்தில் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

சொல்ல மாட்டேன் அக்கா. சொல்லலாம் என்கிற மட்டும் சொல்கிறேன்.

பாதி ஏறியதும் ஜீப்புக்கார அம்மா நின்று, "நீங்க பாத்தத எழுதுவீங்களா?" என்று கேட்டாள்.

"நான் ரோடு போடறவன். மண்ணு எப்படி, தண்ணி எங்க நிக்கும், இதத்தான் எழுதுவேன்."

"வேற ஒண்ணும் எழுத மாட்டீங்க?"

"எழுதினா எங்க ஆபீஸ்ல படிக்க ஆள் இல்ல."

அதற்கு அவள் சிரிக்கவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வாங்க" என்றாள். அதற்கு மேல் சொல்லக் கூடாது. வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

திரும்பி வந்ததும் குறிப்பு எழுதினேன். மேற்குச் சரிவின் மண் இளகியது, அடியில் நீர்க்கசிவு உண்டு, மழையில் சரியும், சாலைக்கு உதவாது. இது முழுப் பொய் இல்லை. மண் கொஞ்சம் இளகல்தான். மற்ற இடமாக இருந்தால் தடுப்புச் சுவர் கட்டிக்கொண்டு போயிருப்பேன். தெற்குப் பாதையை மறுபடி வரைந்து, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். தலைமைப் பொறியாளர் கோப்பை மேஜைமேல் விட்டெறிந்தார். ஆனால் என் குறிப்பை அடித்துவிட்டு 'மண் நல்ல மண்' என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்குச் சரிந்தால் அவர் தலை. போடமாட்டார்.

இப்போது சாலை அந்தப் பக்கம் வராது. அந்தச் சரிவுக்கு மிச்சம் இருக்கும் ஒரே ஆபத்து உன் மனு. உங்கள் இயக்குநர் ஆட்களையும் கூடாரத்தையும் தயார் செய்கிறார் என்று கேள்வி. நீ அதைத் திரும்ப வாங்கிக்கொள்.

தம்பி

ஏப்ரல் 10

தம்பிக்கு,

என்னைப் பொய் சொல்லச் சொல்கிறாய். 'தோண்டக் காரணம் எதுவும் காணவில்லை' என்று எழுதித்தான் மனுவைத் திரும்ப வாங்க முடியும். என் அறிக்கைகளில் ஒரு வார்த்தை கூடப் பார்க்காமல் எழுதியது கிடையாது. பிடிக்காதவர்கள்கூட அதை ஒப்புக்கொள்வார்கள். கடைசி அறிக்கையில் வந்து இதை எழுதவா? அதுவும் அங்கே ஏதோ இருக்கிறது என்று என் சொந்தத் தம்பியின் வாயாலேயே தெரிந்த பிறகு?

உன்மேல் பொறாமையாக இருக்கிறது. இந்த வயதில் இப்படி ஒரு பொறாமை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நீ நாலு பானைச் சில்லுகளைக் கையில் கொடுத்தால் எது முந்தியது என்று சொல்லத் தெரியாதவன். உனக்குப் போய்க் காட்டியிருக்கிறாள்.

நேற்று டயர் கிடங்கில் அவளை மடக்கினேன். நெம்புகோலைக் கையில் வைத்துக்கொண்டு சக்கரம் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க எழுதாம இருப்பீங்களா?"

நான் டயர் அடுக்கைப் பார்த்தேன்.

"உங்கமேல கோபம் இல்லக்கா. நீங்க நல்லதுக்குத்தான் எழுதுவீங்க. குகையையும் நல்லதுக்குத்தான் எழுதினீங்க."

கிழவியைப் போல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் சக்கரத்தைக் கழற்றி முடித்து, வேறொன்றை மாட்டி, கையைத் துடைத்துக்கொண்டு, எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். என்ன என்று கேட்கவில்லை. பழசா, புதுசா? அதை மட்டும் சொல். அது தெரிந்தால் மனுவைத் திரும்ப வாங்கிவிடுகிறேன்.

அக்கா

ஏப்ரல் 19

அக்காவுக்கு,

சொல்ல மாட்டேன். பழசு என்றால் எவ்வளவு பழசு என்பாய். புதுசு என்றால் யாருடையது என்பாய். உன்னோடு ஒரே வீட்டில் வளர்ந்தவன் நான்.

என்னைப் பாலம் பழுதுபார்க்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். என் மேஜைக்கு ஜன்னல் இல்லை. தெற்குக் கோடு மேலிடத்துக்குப் போய்விட்டது, தலைமைப் பொறியாளரால் அதை நிறுத்த முடியவில்லை. ஆனால் தோட்டக் கம்பெனி வக்கீலைப் பிடித்திருக்கிறது. அது எப்போது முடியும் என்று தெரியாது.

நான் என் பங்குக்கு எழுதிவிட்டேன். நீ இதுவரை எழுதினதே போதும் என்கிறாள் ஜீப்புக்கார அம்மா. உன்னிடம் கேட்பது எழுதாமல் இருப்பதை.

தம்பி

மே 6

தம்பிக்கு,

திரும்ப வாங்கிவிட்டேன்.

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். 'காரணம் காணவில்லை' என்று கடைசிவரை கை வரவில்லை. 'மேற்குச் சரிவை நான் பார்க்கவில்லை. மலை மக்கள் வேண்டாம் என்கிறார்கள். எனது மனுவைத் திரும்பப் பெறுகிறேன்' என்று எழுதினேன். மூன்று வரியும் உண்மை. இயக்குநர், "உங்களுக்கு என்ன ஆச்சு மேடம், இப்படி யாராவது கைக்கு வந்ததக் கீழ போடுவாங்களா?" என்றார். எனக்குப் பின்னால் வருகிறவர் புது மனு போட்டால் என்ன ஆகும் என்று கேட்காதே. அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. இப்போதைக்குக் கூடாரம் திரும்பிப் போயிற்று.

வழியனுப்பு விழா நடந்தது. என்னைத் திட்டியவர்கள் எல்லாரும் மேடையில் புகழ்ந்தார்கள். ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். வடக்குக் குகை வேலியைப் பற்றிப் பேச வாய் எடுத்தேன், ஒலிபெருக்கிக்காரன் அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டான்.

நேற்று முகாம் வீட்டைக் காலி செய்தேன். ஜீப்புக்காரிதான் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு என்னை இறக்கினாள். சாலை இல்லை, அதே குண்டும் குழியும்தான். மேற்குச் சரிவுக்குப் பிரியும் இடம் வந்ததும் வண்டியை நிறுத்தினாள். இன்ஜினையும் அணைத்துவிட்டாள்.

"அக்கா, இப்ப உங்களுக்கு வேலை இல்ல. ஆபீசும் இல்ல. பாக்கணும்னா வாங்க, கூட்டிட்டுப் போறேன்."

நான் காலைக் கீழே வைத்துவிட்டேன் தம்பி. ஒரு கால் தரையில், ஒரு கால் வண்டியில். என் வாழ்நாளில் இப்படி ஓர் ஆசை எதன்மேலும் வந்ததில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். மனசார்த்தான் கூப்பிட்டாள். சபையில் கேட்டுவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது.

காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"வேணாம், ஓட்டு."

"ஏன்க்கா?"

"பாத்தா எழுதுவேன். வேலைதான் போச்சு, கை இருக்கு."

அவள் என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வண்டியை எடுத்தாள். இறங்குகிற வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். வண்டியைத் திருப்பச் சொல்லலாமா என்று தெற்கு அடிவாரம் வரைக்கும் யோசித்தேன். சரியாகச் செய்தேன் என்ற நிம்மதி வரும் என்று பார்க்கிறேன், இன்னும் வரவில்லை. எரிச்சல்தான் வருகிறது. உன்மேல், அவள்மேல், இயக்குநர்மேல், எல்லாவற்றுக்கும் மேலாக என்மேல்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். மலையைப் பற்றி வேறு எது வேண்டுமானாலும் பேசு, சரிவைப் பற்றி மூச்சு விடாதே. நானே கேட்பேன், கெஞ்சுவேன், சாப்பிட மாட்டேன் என்றுகூட உட்காருவேன். அப்போதும் சொல்லாதே. அம்மாவிடம் மட்டும் உளறித் தொலைத்துவிடாதே. அவளிடம் சொன்னால் என்னிடம் சொன்ன மாதிரிதான்.

அக்கா